ஆளுக்கொரு வேலை

அக்கா,

திங்கட்கிழமை கோரிமேடு போகிற பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்மணி ஆரஞ்சு உரித்தார். வெளியே தூறல், ஜன்னல்களை எல்லாம் மூடியிருந்தார்கள். தோலைக் கிள்ளியதுமே வாசனை பஸ் முழுக்கப் பரவியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மகன் ஏழுமலை யார் பக்கமும் திரும்பவில்லை. வலது உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. மீசையில் இரண்டு மூன்று நரை வந்துவிட்டது. கை மட்டும் பத்து வயதில் நீட்டியது போலவே இருந்தது.

அந்தப் பெண்மணியிடம் எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் மகள் ரோசி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். “ஆன்ட்டி, எங்க ஏழுமலைக்கு ஒண்ணு” என்றாள். அவர் இரண்டு சுளை கொடுத்தார். ரோசி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மற்றதை அவன் கையில் வைத்தாள். அவன் அதில் இருந்த நாரை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் தின்றான்.

அவனுடைய சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கப் போய்க்கொண்டிருந்தோம். நீங்களும் நானும் முதன்முதலில் பார்த்துக்கொண்டதும் அதே ஊனச் சான்றிதழுக்காகக் காத்திருந்த ஒரு நாளில்தான். உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன், தினம் கொஞ்சமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு. அதில் நீங்களும் ஏழுமலையும் மட்டும் இருந்தீர்கள். அவன் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டு பின்மண்டையைச் சுவரில் மெதுவாக இடித்துக்கொண்டிருந்தான். சுவருக்கும் தலைக்கும் நடுவில் உங்கள் உள்ளங்கை இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் நெருக்கியடித்து நின்றார்கள். நான் ஒரு தூண் ஓரமாக ரோசியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு ஐந்து வயது, நான் சான்றிதழ் வாங்க வந்தது அவளுக்குத்தான். அப்போதெல்லாம் அவளை வெளியே எடுத்துப் போனால் முந்தானையை அவள் முகத்தில் போட்டுவிடுவேன். வெயிலுக்கு என்று சொல்லிக்கொள்வேன். அந்தத் தாழ்வாரத்தில் வெயிலே இல்லை.

“இன்னாத்துக்குக் கொழந்தைய மூடி வெச்சிருக்க? வேர்க்குது பாரு அதுக்கு. வா, இங்க ஒக்காரு, எடம் இருக்குது” என்றீர்கள்.

நான் ஏழுமலையைப் பார்த்தேன். நீங்கள் அதைக் கவனித்தீர்கள்.

“அவன் ஒண்ணும் பண்ண மாட்டான். சத்தம் ஆவாது அவனுக்கு, அவ்ளோதான்.”

உட்கார்ந்தேன். உங்கள் மடியில் ஓர் ஆரஞ்சு இருந்தது. உள்ளேயிருந்து ஒரு நம்பரைக் கூப்பிட்டால் அவனுக்கு ஒரு சுளை. அடுத்த நம்பர், அடுத்த சுளை. காத்திருப்பது என்றால் என்ன என்று அவனுக்கு நீங்கள் அப்படித்தான் புரியவைத்திருந்தீர்கள். ரோசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் நீங்கள் ஆளுக்கு ஒரு சுளை கொடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். டாக்டர் எங்களைக் கூப்பிட்டபோது முந்தானை என் தோளில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

எங்கள் வீட்டு நிலைமையை உங்களிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். என் மாமனார் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கொஞ்சம் பெரிய இடம். யாராவது வந்தால் மாமியார் ரோசியை உள் அறைக்கு அனுப்பிவிடுவார். கோபமாக இல்லை, பிரியமாகத்தான். ‘போவ்ர் பெத்தித்’ என்பார், பாவம் சின்னது என்று அர்த்தம். “பாவம் சின்னது, அது உள்ளயே இருக்கட்டும். நாலு பேர் பாத்தா அதுக்குத்தான் கஷ்டம்.” அப்படித்தான் ஐந்து வருடம் ரோசி உள் அறையில் இருந்தாள். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு மாமியாரைத் திட்டவில்லை. “ஞாயித்துக்கெழம பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டியா. கீரை வாங்கணும்னு சொல்லு” என்றீர்கள்.

பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடைகளுக்கும் மீன் கடைகளுக்கும் போகிற வழி பிரியும் மூலையில் நீங்கள் கீரை விற்றீர்கள். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, முத்தியால்பேட்டையில் மில் வேலைக்காரருக்கு வாக்கப்பட்டு, அவர் போன பிறகு கீரைக்கூடையோடு டவுனுக்கு வந்தவர் நீங்கள். ஏழுமலை உங்கள் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்து வாழைநாரில் கீரை கட்டுவான். எல்லாக் கட்டும் ஒரே தடிமன் இருக்க வேண்டும் அவனுக்கு. ஒரு தண்டு கூடினாலும் பிரித்துத் திரும்பக் கட்டுவான். ஒரு நாள் வாடிக்கைக்காரர் ஒருவர் பொறுமையில்லாமல், “இவனையெல்லாம் ஏம்மா மார்க்கெட்டுக்குக் கூட்டியாற?” என்று கேட்டார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. “அவன் கட்டுன கீரையத்தான் சார் ஒரு வருஷமா நீங்க வாங்கிட்டுப் போறீங்க” என்றீர்கள். அவர் நின்று வாங்கிக்கொண்டுதான் போனார்.

நான் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். படிவங்கள் எனக்குப் பழக்கம். உங்களுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்கக் கஷ்டம். அதனால் அன்று முதல் நமக்குள் ஒரு பிரிவினை வந்துவிட்டது. “எழுத்து வேல உனக்கு. அலையுற வேல எனக்கு.” பஸ் பாஸ், உதவித்தொகை, பகல்நேரப் பயிற்சி மையத்தில் சேர்க்கிற விண்ணப்பம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் நின்றீர்கள். அதிகாரிகளில் நல்லவர்களும் இருந்தார்கள், நாளைக்கு வா என்கிறவர்களும் இருந்தார்கள். நாளைக்கு வா என்றால் நீங்கள் உண்மையிலேயே மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்பீர்கள். அவர்களுக்கு அதுதான் தாங்காது.

நமக்குள் ஒரே ஒரு முறை சண்டை வந்தது. ஒரு டவுன் பஸ் கண்டக்டர், ஏழுமலை முனகுகிறான், மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று உங்கள் இருவரையும் பாதி வழியில் இறக்கிவிட்டான். அன்றே ஒரு புகார் மனு டைப் அடித்தேன். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாக மறுநாள் அதே பஸ்ஸில் அதே நேரத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு ஏறினீர்கள். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம், வேலை எதுவும் இல்லாமல் போய்விட்டு வந்தீர்கள்.

“உங்களுக்கு மானமே இல்லையாக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“மானம் இருக்குது. சண்ட போட்டா அவன் பயந்துக்கினு ஒரு நாளு ஏத்துவான். பழகிட்டா தெனம் ஏத்துவான். எனக்குத் தெனம் போவணும் இல்ல?”

“அப்ப இந்த மனு?”

“அத்தயும் போடு. நான் அத வேணாம்னு சொல்லலியே.”

மனுவையும் போட்டோம். மனுவால் நடந்ததா, நீங்கள் போய்ப் போய் வந்ததால் நடந்ததா, எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கண்டக்டர் பிறகு டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட்டை ஏழுமலைக்கு என்று வைத்திருப்பார். அவர் பெயர் பன்னீர். அவரைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

இப்படியே வருடங்கள் போயின. பிள்ளைகள் வளர்ந்தார்கள், மாமியார் காலமானார், ரோசி மையத்தில் மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொண்டாள். ஏழுமலை உடம்பு கனத்து, என்னைவிட ஓரடி உயரமாக நின்றான். முனகல் குறைந்தது, பேச்சு அதிகமாகவில்லை. அவனிடம் மொத்தம் நாற்பது ஐம்பது சொற்கள்தான் இருந்தன. அவற்றைக் கொண்டு அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பம் படகுத் துறைக்குப் போகலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதற்கு முன் நீங்களாக எங்கேயும் சுற்றக் கூப்பிட்டதே இல்லை. படகில் நாம் நான்கு பேரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஏழுமலைக்கு அதன் பட்டை கழுத்தில் உரசியது. நீங்கள் உங்கள் கைக்குட்டையை மடித்து அங்கே செருகினீர்கள். இரண்டு பக்கமும் அலையாத்திச் செடிகள். ரோசி தண்ணீரில் கையைவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். நீங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்.

“கர்ப்பப்பைல கட்டியாம் ஸ்டெல்லா. பரவிடுச்சு. ஒரு வருஷம், பாத்துக்கினா ஒண்ணரை வருஷம்னு சொன்னாரு டாக்டரு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“அழுவாத. அவன் உன்னயே பாக்கறான்.”

அழவில்லை. கடற்கரையில் இறங்கி, பிள்ளைகள் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் கேட்டீர்கள். சுற்றி வளைக்கவில்லை. கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தால் இவனைப் போல வயது வந்தவர்களுக்கும் சட்டப்படி பாதுகாவலர் வைக்கலாம் என்று நானே உங்களுக்கு ஒரு காலத்தில் படித்துச் சொல்லியிருக்கிறேன். அதில் என் பெயரைப் போடலாமா என்று கேட்டீர்கள். “நீ அவன வெச்சிப் பாத்துக்குவியா?”

நான் முடியாது என்றேன்.

இதை எழுதும்போது கை நிற்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முடியாதுக்கா என்றேன். எனக்கு ரோசி இருக்கிறாள், என் வீட்டுக்காரருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, வீட்டில் இடம் இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாமே உண்மை. ஆனால் உண்மையான காரணம் பயம். அவன் கத்தினால், உயரமான அந்த உடம்பைச் சமாளிக்க முடியாவிட்டால், எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, “சரி, சாப்புடு” என்றீர்கள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் நான் பெரிய மார்க்கெட் பக்கம் வரவில்லை. வீட்டு வாசலுக்கு வருகிற வண்டியில் கீரை வாங்கினேன். அந்த மூன்று வாரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பிறகு உங்கள் தங்கை அம்சா சொல்லித்தான் தெரியும். முதலில் அவளிடம் போய்க் கேட்டிருக்கிறீர்கள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பாகூரில் தனியாக இருந்தாள். “பயமா இருக்குதுக்கா, அவன் சத்தம் போட்டா எனக்கு ஒண்ணுமே புரியாது” என்று அவளும் சொல்லிவிட்டாள். பிறகு இவனைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதிக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். அந்த இடத்தைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் சொன்னதில்லை. “சுத்தமா வெச்சிருக்காங்க. நல்ல பசங்க. ஆனா அங்க ஒருத்தருக்கும் அவனத் தெரியாது. இங்க அவனத் தெரிஞ்சவங்க எத்தினி பேரு இருக்காங்க, அத்த வுட்டுட்டு எதுக்குப் போவணும்?” அங்கேயிருந்து திரும்புகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, அவனைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கிறீர்கள். இரண்டு கை விரலும் தீர்ந்து மறுபடியும் ஆரம்பித்தீர்களாம்.

நான் நாலாவது வாரம் மார்க்கெட்டுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். நீங்கள் கேட்கவிடவில்லை. ஒரு நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினீர்கள்.

“வந்துட்டியா. எழுது. எழுத்து வேல உன்னுது.”

“அக்கா, அன்னிக்கு நான்…”

“நீ முடியாதுன்னது நல்லதாப் போச்சுடி. மொத்தத்தையும் ஒருத்தி தலைல வெக்கப் பாத்தேன். நீ பயந்துட்ட, அவளும் பயந்துட்டா. எனக்கே பயமா இருக்குற சொம அது. ஆளுக்கொரு வேலையாக் குடுத்தா யாருக்கும் கனக்காது. எழுது. மொதல்ல பன்னீரு.”

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் கையெழுத்தில் இருபது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வேலை. கண்டக்டர் பன்னீர்: முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வந்தால் ‘ஏழுமலை, எறங்கு’ என்று சொல்ல வேண்டும், தொடக் கூடாது. முடி வெட்டுகிற சேகர்: மாதம் ஒரு தடவை, மிஷின் வைக்காமல் கத்திரியால், வெட்டும்போது பேச்சுக் கொடுக்காமல். மீன் விற்கிற தனலட்சுமி அம்மா: பத்து மணிக்கு டீ குடித்தானா என்று பார்க்க வேண்டும். மருந்துக் கடைப் பெண்: வலிப்பு மாத்திரை தீர்வதற்குள் எனக்குப் போன் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு ரிட்டையர்ட் வாத்தியார்: பட்டாசு வெடிக்கிற நாட்களில் தன் வீட்டுப் பின்னறையில் அவனை உட்காரவைக்க வேண்டும்.

நீங்கள் அவர்களிடம் எல்லாம் போனில் சொல்லவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு நேரே போனீர்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் பேசினீர்கள். “எனக்கு ஒடம்பு முடியல, ரொம்ப நாளு இருக்க மாட்டேன். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முடிஞ்சா செய், முடியாட்டி இப்பவே சொல்லிடு, நான் வேற ஆளப் பாக்கறேன்.” இரண்டு பேர் முடியாது என்றார்கள். அவர்கள் மேல் உங்களுக்கு வருத்தமே வரவில்லை. “தோ, இப்பவே சொல்லிட்டாங்க இல்ல. நல்லவங்க” என்றீர்கள். தனலட்சுமி அம்மா மட்டும் கோபித்துக்கொண்டார். “இத்த வேற சொல்லணுமா? நான் குடுக்கற டீயத்தான பத்து வருஷமாக் குடிக்கறான்?” என்று மீன் வெட்டிக்கொண்டே அழுதார்.

அந்த வருடம் முழுக்க நீங்கள் செய்தது இன்னொன்று. அவனைத் தனியாகப் போகவிட்டுப் பழக்கினீர்கள். முன்னால் அவன், இருபதடி பின்னால் மருந்தின் வேகத்தில் முடியெல்லாம் கொட்டித் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நீங்கள். ஒரு நாள் அவன் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டான். அவன் தானாக வழி கண்டுபிடிக்கிற வரைக்கும், கூப்பிடாமல், வெயிலில் பின்னாலேயே நடந்தீர்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தீர்கள். நான் சத்தம் போட்டேன். “கூப்புட்டிருந்தா திரும்பி என்னப் பாத்திருப்பான். அப்புறம் எப்பவும் திரும்பித் திரும்பிப் பாப்பான்” என்றீர்கள்.

நோட்டில் இருபது பெயரும் நிரம்பிய பிறகு ஒரு நாள் அம்சா தானாகவே பாகூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தாள். “கூட இருக்கறது மட்டுந்தான என் வேல? அது முடியும்” என்றாள். அதையே நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பேப்பர் மட்டும்தானே என் வேலை. கலெக்டர் ஆபீஸில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் நீங்கள் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “உதவித்தொகைய, பாஸ, சர்டிபிகேட்ட எல்லாம் வுடாம வாங்கு. அது அவனுக்குச் சேர வேண்டியது. ஆனா எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா அவனுக்குத் தூக்கம் வரும்னு சர்க்காருக்குத் தெரியாது. அது அம்சாவுக்குத் தெரியணும்” என்றீர்கள்.

ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கடைசி நாள், நீங்களே அவனை வரச்சொல்லி உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கவைத்தீர்கள். சில்லென்று இருந்தது. “அம்மாக்கு முடிஞ்சிடுச்சு” என்று அவனுக்குத் தெரிந்த சொற்களிலேயே சொன்னீர்கள். கீரை விற்றுத் தீர்ந்தால் கூடையைக் கவிழ்த்து, ‘முடிஞ்சிடுச்சு’ என்று நீங்கள் சொல்வது அவனுக்குத் தெரியும்.

மேளம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவைத்திருந்தீர்கள். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சாவு என்றால் மேளம் இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். அம்சா வாசலில் நின்று, “எங்கக்கா சொல்லிட்டுப் போயிருக்கா. அவனுக்குச் சத்தம் ஆவாது. அவன் கடைசி வரைக்கும் கூட வரணும்” என்றாள். உங்களை முத்தியால்பேட்டைத் தெருவில் சத்தமே இல்லாமல் எடுத்துப்போனோம். பன்னீர் ஒரு பக்கத்தில் தோள் கொடுத்தார். ஏழுமலை காதைப் பொத்தாமல் நடந்து வந்தான்.

நான்கு மாதம் எல்லாம் நீங்கள் போட்டுவைத்தபடி நடந்தது. பிறகு மாசி மகத்தன்று அவன் காணாமல் போனான். சாமிகள் கடலுக்கு வருகிற நாள், டவுனில் பஸ்களைத் திருப்பிவிட்டிருந்தார்கள். பன்னீருக்கு அன்று விடுப்பு. மத்தியானம் ஒரு மணிக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை என்று அம்சா போன் செய்தாள். நான் ஆபீஸிலிருந்து அப்படியே ஓடினேன். நோட்டில் இருந்த எல்லோருக்கும் போன் போட்டேன். தனலட்சுமி அம்மா மீன்கூடையை மூடிவைத்துவிட்டுக் கடற்கரைக் கூட்டத்துக்குள் தேடப் போனார். சேகர் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றினார். பன்னீர் டிப்போவுக்குப் போய் ஒவ்வொரு டிரைவராக விசாரித்தார். நான் போலீஸ் ஸ்டேஷனில் அவனுடைய அடையாளங்களைச் சொல்லும்போது, சட்டை என்ன நிறம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

நாலரை மணிக்கு என் போன் அடித்தது. தெரியாத நம்பர், தெரியாத பெண் குரல்.

“இங்க கோரிமேடு ஆஸ்பத்திரில ஒருத்தரு ஒக்காந்துக்கினு இருக்காரும்மா. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. சட்டக் காலர்ல உங்க நம்பர் தச்சிருக்குது.”

போய்ப் பார்த்தபோது, உங்களைக் கடைசியாகச் சேர்த்திருந்த வார்டுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் அவன் இருந்தான். எப்படி வந்தான், எத்தனை பஸ் மாறினான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவன் பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர். விழுப்புரம் பக்கத்திலிருந்து, உள்ளே படுத்திருக்கிற மாமனாருக்குத் துணைக்கு வந்தவர். அவன் தலையைச் சுவரில் இடிக்க ஆரம்பித்ததும் ஓடிவந்து நடுவில் தன் துணிப்பையை வைத்திருக்கிறார். தான் கொண்டுவந்த தயிர்சாதத்தில் பாதியை அவனுக்குக் கொடுத்திருக்கிறார். அப்புறம் வெகுநேரம் கழித்து அவன் கழுத்தைச் சொறிந்தபோதுதான் காலரில் நீங்கள் தைத்துவைத்த எண் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

“எங்க ஊர்லயும் இது மாதிரி ஒரு பொண்ணு இருக்குது. அதான் பயப்படல” என்றார். பெயர் கேட்டு, நன்றி சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். நீங்கள் இருபது பேரைத் தேடிப்பிடித்தீர்கள் அக்கா. அந்தப் பெண்ணை யாரும் தேடவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அவர் பெயரை நோட்டில் எழுத முடியவில்லையே என்று எனக்கு இன்னும் ஒரு குறை.

நான் அவன் எதிரே குந்தி உட்கார்ந்தேன். அவன் வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைப் பார்த்து, “முடிஞ்சிடுச்சு” என்றான். ஆமாம்டா, முடிஞ்சிடுச்சு என்றேன். எழுந்து என்கூட வந்தான். அதற்குப் பிறகு அவன் அங்கே தனியாகப் போகவில்லை.

இப்போது அம்சா அந்த மூலையில் கீரை விற்கிறாள். அவன் கட்டுகிறான். வாத்தியார் போன வருடம் காலமானார், அந்த வேலையை அவர் மருமகள் எடுத்துக்கொண்டார். மருந்துக் கடைப் பெண் கல்யாணமாகிப் போகும்போது தன் இடத்துக்கு வந்த பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். திங்கட்கிழமை டாக்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார், இனி ஏழுமலைக்குப் புதுப்பிக்கத் தேவையில்லை, நிரந்தரச் சான்றிதழாகவே கொடுத்துவிட்டார்கள். என் பங்கு வேலையில் ஒன்று முடிந்தது.

எனக்கும் அறுபது நெருங்குகிறது. ரோசிக்காக நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. நேற்று எங்கள் தெருமுனையில் புதிதாகத் தையல் கடை வைத்திருக்கிற பெண்ணிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இவளுக்கு ஜாக்கெட் கொக்கி போடத் தெரியாது, இவளுக்கு மட்டும் எப்போதும் பட்டன் வைத்துப் பெரிதாகத் தைத்துக் கொடுக்க முடியுமா, நான் இல்லாத காலத்திலும், என்று கேட்டேன். அந்தப் பெண் டேப்பை எடுத்துக்கொண்டு ரோசியிடம் போனாள்.

“அக்கா, உங்களுக்கு என்னா கலர்ல பட்டன் வெக்கலாம்?”

ரோசி என்னைப் பார்த்தாள். அவளிடம் யார் எதைக் கேட்டாலும் இருபத்தேழு வருடமாக நான்தான் பதில் சொல்லிவந்திருக்கிறேன். என் வாயில் பதில் தயாராக இருந்தது. ஒரு தடவை நீங்கள் என் கையைக் கிள்ளி, “அவள்ட்ட கேட்டா நீ எதுக்கு முந்திக்கற? அவளுக்கு நேரமாவும், வுடு” என்று சொன்னீர்கள். அது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு சுவரில் தொங்கிய துணிகளைப் பார்த்தேன். அந்தப் பெண் டேப்பைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

“மஞ்சள்,” என்றாள் ரோசி. “பெரிய மஞ்சள்.”